ஜப்பானியக் கண், தமிழ்க் காது

ஸ்ரீபெரும்புதூரையும் ஒரகடத்தையும் சுற்றியிருக்கிற தொழிற்பேட்டைகளில் இரண்டு கிழக்காசிய மொழிகளுக்கு வேலை இருக்கிறது. ஹூண்டாய் 1996இல் இங்கே கம்பெனி தொடங்கியது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. 2007இல் சாம்சங் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தது. ஜப்பான் பக்கத்தில், ரெனோ–நிசான் கூட்டு ஆலை 2010இல் ஒரகடத்தில் ஓடத் தொடங்கியது. யமஹாவும் அந்தச் சுற்றுவட்டாரம்தான். ஒரு கம்பெனி வேனில் ஏறி ஜப்பானியர்களோடு வேலை பார்த்தவர், அடுத்த வருடம் வேறொரு வேனில் ஏறிக் கொரியர்களோடு வேலை பார்ப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

அப்படி ஒருவரை மனதில் வைத்து எழுதுகிறேன். கொல்லிமலையின் பதினான்கு நாடுகளில் ஒன்றான குண்டனி நாட்டைச் சேர்ந்தவர் என்று வைத்துக்கொள்வோம். மிளகும் காப்பியும் சாமையும் விளைகிற மலை; எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கினால்தான் சமவெளி. ஜப்பானிய மொழித் தேர்வின் ஐந்து படிகளில் நடுப்படியான என்-3 வரை தேறிவிட்டார். இப்போது கொரிய மொழி படிக்க நினைக்கிறார். எல்லோரும் சொல்வதுதான் அவர் காதிலும் விழும்: “ஜாப்பனீஸ் தெரியும்ல? அப்ப கொரியன் பாதிக் கிணறு தாண்டின மாதிரி.” பாதிக் கிணறு தாண்டியவன் எங்கே போய் விழுவான் என்பதைச் சொல்கிறவர்கள் யோசிப்பதில்லை.

பாதி என்பது சரி. எந்தப் பாதி என்பதுதான் கேள்வி. சொற்கள் ஜப்பானிய மொழி வழியாகத் தாமாக வந்து சேரும். ஒலியும் மரியாதையும் அந்த வழியில் வராது. வந்தாலும் கோணலாக வரும். அந்த இரண்டுக்கும் அவர் தம் தாய்மொழியைத்தான் கேட்க வேண்டும். ஜப்பானிய மொழி படித்த தமிழர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை என்பது என் எண்ணம். இரண்டாவது மொழி கற்ற பெருமையில் முதல் மொழியை மூட்டை கட்டி வைத்துவிடுகிறோம்.

எழுத்திலிருந்து தொடங்கலாம். ஜப்பானிய மொழி படிப்பவர் முதலில் கானா எழுத்துகளை மனப்பாடம் செய்திருப்பார். அந்த வரிசை தமிழருக்கு வேற்றாளில்லை: அ, இ, உ, எ, ஒ, பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. பௌத்தத் துறவிகள் சமஸ்கிருதத்தைச் ‘சித்தம்’ என்னும் எழுத்தில் படித்தபோது கிடைத்த ஒலிவரிசை அது. ஹ இருக்கும் இடத்தில் முன்பு ப இருந்தது என்று வைத்துப் பாருங்கள், நம் அரிச்சுவடி தெரியும். வரிசைதான் நம்முடையது, உருவங்களில் ஒழுங்கு இல்லை. ‘க’வுக்கும் ‘கி’க்கும் எழுத்தில் எந்த உறவும் கிடையாது.

கொரிய எழுத்தான ஹங்குல் இதற்கு நேர்மாறு. சேஜோங் மன்னர் 1443இல் உருவாக்கி 1446இல் வெளியிட்டது. அப்போது 28 எழுத்து. இப்போது அடிப்படை எழுத்துகள் 24. மெய்யெழுத்தின் உருவம் வாயின் உருவம்: ‘ந’ எழுத்து, நாக்கு நுனி மேலண்ணத்தைத் தொடும் வளைவு, ‘ம’ எழுத்து, மூடிய வாய், ‘ச’ எழுத்து, பல். இந்த விளக்கம் பிற்காலத்தார் கற்பனை செய்தது அல்ல. எழுத்தோடு சேர்த்து எழுதப்பட்ட விளக்க நூலே அப்படிச் சொல்கிறது. அதன் மூலப் பிரதி 1940இல்தான் கண்டெடுக்கப்பட்டது. தொல்காப்பியத்தின் பிறப்பியலைப் பள்ளியில் படித்தவருக்கு, எந்த ஒலி வாயில் எங்கே பிறக்கிறது என்ற பேச்சு புதிதில்லை. அங்கே சூத்திரமாக இருப்பதை இங்கே கோடாக வரைந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒரு வாரத்தில் படித்துவிடலாம். அந்த ஒரு வாரமும் ஜப்பானியக் கானாவில் கொரியச் சொல்லை எழுதிப் பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். மெய்யில் முடியும் ஒலிகளில் ‘ன்’ தவிர வேறு எதையும் கானாவால் எழுத முடியாது.

அடுத்து சொல். ஜப்பானிய மொழியின் பெரிய சுமையான கான்ஜி, அதாவது சீன எழுத்து, இங்கே சேமிப்பாக மாறுகிறது. சீனத்திலிருந்து இரு மொழிகளும் ஆயிரக்கணக்கில் கடன் வாங்கியிருக்கின்றன. மெய்ஜி காலத்து ஜப்பான், மேலைநாட்டுக் கருத்துகளுக்காகச் சீன எழுத்துகளைக் கோத்துப் புதிதாகச் செய்த ‘சமூகம்’, ‘பொருளாதாரம்’, ‘தத்துவம்’ போன்ற சொற்களும் கொரியாவுக்குப் போயின. 1910 முதல் 1945 வரை ஜப்பான் அந்த நாட்டை ஆண்டது என்பதும் இதில் சேர்த்தி. ஆகவே ‘ஜுன்பி’ என்றால் இரண்டிலும் ஆயத்தம். ‘கிபுன்’ இரண்டிலும் மனநிலை. ‘முர்யோ’ இரண்டிலும் இலவசம். குடும்பம் அங்கே ‘கஸோகு’, இங்கே ‘கஜோக்’. வாக்குக் கொடுத்தல் அங்கே ‘யகுசோகு’, இங்கே ‘யாக்சோக்’.

கொரிய மொழியில் இன்று சீன எழுத்து கண்ணில் படுவது அபூர்வம்; வடகொரியாவில் இல்லவே இல்லை. எழுதியிருப்பது ஒலி மட்டும். அந்த ஒலிக்குப் பின்னால் நிற்கிற சீன எழுத்தைக் கண்டுபிடிக்கச் சில வாய்பாடுகள் உண்டு. இதில் கொஞ்சம் நின்று பார்ப்பது லாபம்.

பழைய சீனத்தில் சொல்லின் கடைசியில் க், ட், ப், ம் எல்லாம் வந்தன. ஜப்பானிய வாயில் அவை நிற்கவில்லை. பின்னால் ஓர் உயிர் ஒட்டிக்கொண்டது. கொரிய மொழி ‘க்’கை அப்படியே வைத்துக்கொண்டது. எனவே ஜப்பானியச் சொல்லில் ‘கு’ என்று முடிந்தால் கொரியத்தில் பெரும்பாலும் வெறும் ‘க்’. கடைசி ‘ட்’ கொரியத்தில் ‘ல்’ ஆகிவிட்டது. ஜப்பானியத்தில் அது ‘ட்ஸு’ அல்லது ‘ச்சி’. ஒன்று: இச்சி, இல். எட்டு: ஹச்சி, பால். கேள்வி: ஷிட்ஸுமோன், ஜில்முன். கடைசி ‘ம்’ ஜப்பானியத்தில் ‘ன்’னோடு கலந்துபோயிற்று, கொரியத்தில் பிழைத்தது. மூன்று அங்கே ‘ஸான்’, இங்கே ‘சாம்’. கோலாலம்பூர்த் தமிழர்கள் சந்தையில் தினம் கேட்கிற கான்டனீஸில் மூன்று ‘ஸாம்’, எட்டு ‘பாத்’. பழைய ‘ம்’மும் ‘ட்’டும் அங்கே இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஜப்பானியத்தில் உயிர் நீண்டு ஒலித்தால், கொரியத்தில் பல இடங்களில் ‘ங்’ வரும். விலங்குக்கு ஜப்பானியச் சொல் ‘தோபுட்ஸு’. நீண்ட ‘தோ’ ‘தோங்’ ஆகும், ‘ட்ஸு’ ‘ல்’ ஆகும்: தோங்முல். என்-3 தேறியவர் இந்த நான்கு வாய்பாட்டையும் பிடித்துக்கொண்டால், கேட்டறியாத கொரியச் சொல்லையும் ஊகித்துவிடுவார்.

இன்னொரு ஆறுதலும் உண்டு. ஜப்பானியத்தில் ஒரே கான்ஜியைப் பல விதமாகப் படிக்க வேண்டும். ‘உயிர்’, ‘பிறப்பு’ என்று பொருள்படும் எழுத்து ஒன்றே ‘ஸே’, ‘ஷோ’, ‘நாமா’ என்று இடத்துக்கு இடம் வேடம் மாற்றும். கொரியத்தில் அதற்கு ஒரே வாசிப்பு: ‘செங்’. பெரும்பாலான எழுத்துகளுக்கு அப்படித்தான்.

ஆனால் ஒரே வேர்ச்சொல் இரு வீட்டில் வளர்ந்தால் குணம் மாறும். இந்தி படித்த தமிழருக்கு இது தெரியும்: நம் ‘அவசரம்’ அங்கே வாய்ப்பு, நம் ‘உபந்நியாசம்’ அங்கே நாவல். ‘எட்டுத் திசையிலும் அழகி’ என்ற சீன எழுத்துத் தொடர் ஜப்பானியத்தில் எல்லோருக்கும் நல்லபிள்ளையாக நடிப்பவரைக் குத்திக்காட்டும். கொரியத்தில் சகலகலாவல்லவர் என்ற பாராட்டு. ‘அன்புக்குரியவர்’ என்று எழுதப்படும் சொல், கொரியத்தில் ‘எயின்’ – காதலர். ஜப்பானியத்தில் ‘அய்ஜின்’ – கள்ளக்காதல் துணை. மேலாளரின் காதலியைப் பற்றி விசாரிக்கும்போது இந்த வேறுபாடு ஞாபகம் இருப்பது நல்லது.

இதுவரை ஜப்பானியக் கண் வேலை செய்தது. காதுக்கு வரும்போது அதை ஒதுக்கி வைக்க வேண்டும்.

ஜப்பானிய மொழி க-வையும் அதன் அதிர்வொலியான ‘ga’ வகையையும் இரண்டு வேறு ஒலிகளாகப் பிரிக்கிறது. ஒன்றை மாற்றினால் சொல்லே மாறும். அதைப் பழகிய காதோடு கொரியம் கேட்டால் ஒரே குழப்பம். ‘இறைச்சி’க்கான சொல்லில் ஒரே எழுத்து இரண்டு முறை வருகிறது, முதல் தடவை வன்மையாகவும் இரண்டாம் தடவை மென்மையாகவும் கேட்கிறது. முட்டாளுக்கான சொல்லிலும் அப்படியே. ஏன் இந்த முரண் என்று ஜப்பானிய வழியில் வருபவர் திகைப்பார். தமிழில் எழுதிப் பாருங்கள்: ‘கொகி’, ‘பாபோ’. தமிழர் எவரும் முதல் எழுத்தை வன்மையாகவும், இரண்டு உயிர்களுக்கு நடுவே வருவதை மென்மையாகவும் தாமாகவே படிப்பார். சொல்லின் முதலில் ஒரு விதம், நடுவில் ஒரு விதம், எழுத்து மட்டும் ஒன்று – தமிழ் எழுத்தின் குறை என்று நாம் சலித்துக்கொள்ளும் அதே ஏற்பாடுதான் கொரிய மொழியின் இயல்பு.

இரட்டித்தாலும் அதே கதை. கொரியத்தில் இறுக்க ஒலி என்று ஒரு வகை உண்டு. ஹங்குலில் அதே எழுத்தை இரண்டாக அடுக்கி எழுதுவார்கள். இரண்டு உயிர்களுக்கு நடுவே அது நம் ‘க்க’, ‘ப்ப’ மாதிரிதான் ஒலிக்கும். தந்தையை அழைக்கும் ‘அப்பா’ என்ற கொரியச் சொல்லில் இருப்பது அதுவே. ‘அக்கா’ என்றால் கொரியத்தில் ‘சற்று முன்பு’. சிக்கல் சொல்லின் முதலில் வரும்போதுதான். ரொட்டிக்குக் கொரியச் சொல் ‘ப்பாங்’. அது போர்த்துகீசியச் சொல் ஜப்பான் வழியாகப் போனது. அதே சொல்தான் இலங்கையில் ‘பாண்’ ஆனது. ‘அப்பாங்’ என்று சொல்லத் தொடங்கி முதல் ‘அ’வை விழுங்கிவிட்டால் அந்த ஒலி கிடைக்கும்.

தமிழ்க் காதும் கைவிடுகிற இடம் ஒன்று உண்டு. ‘புல்’ என்று நாம் எழுதக்கூடிய மூன்று கொரியச் சொற்கள் இருக்கின்றன. இயல்பாகச் சொன்னால் தீ. இறுக்கிச் சொன்னால் கொம்பு. மூச்சைத் தள்ளிச் சொன்னால் புல் – ஆம், நம் புல்லே. சோல் நகரத்து இளைஞர்களின் பேச்சில் தீயும் புல்லும் மூச்சால் மட்டும் பிரிவதில்லை; தீ தாழ்ந்த சுருதியில் தொடங்கும், புல் உயர்ந்த சுருதியில். இதற்குத் தமிழும் உதவாது, ஜப்பானியமும் உதவாது. தெலுங்கோ இந்தியோ தெரிந்திருந்தால் மூச்சொலி பாதி கிடைக்கும்; மீதிக்குக் காதைத் தீட்டிக்கொள்வதைத் தவிர வழியில்லை.

உயிரொலியில் ஒன்று நமக்குப் பரிசாக வருகிறது. உதட்டைக் குவிக்காமல் சொல்லும் ஓர் உகரம் கொரியத்தில் உண்டு. ஆங்கிலம் பேசுகிறவர்கள் மாதக்கணக்கில் மல்லுக்கட்டுகிற ஒலி. ‘காடு’, ‘பாட்டு’ என்று பேச்சில் சொல்லும்போது கடைசியில் ஒலிப்பது கிட்டத்தட்ட அதுதான், இலக்கணத்தில் குற்றியலுகரம். கடன் சொல்லின் மெய்யீற்றுக்கு நாம் முட்டுக்கொடுப்பதும் அதை வைத்தே: ‘பஸ்ஸு’, ‘கேக்கு’. கொரியரும் பஸ்ஸுக்கும் கேக்குக்கும் அதே உகரத்தைத்தான் ஒட்டுகிறார்கள். ஆனால் இதுவே எதிரியாகவும் மாறும். கொரியச் சொற்கள் க், ட், ப் என்ற வல்லினத்தில் நறுக்கென்று முடியும், காற்று வெளியே வராமல். வல்லினத்தில் சொல்லை முடிக்காத தமிழ் வாய் ‘கஜோக்’கை ‘கஜோக்கு’ ஆக்கிவிடும். ஜப்பானிய வாயும் அதையே செய்யும். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு பழக்கமும் கூட்டுச் சேர்ந்து கெடுக்கின்றன.

புணர்ச்சி பற்றி விரைவாக. ‘ஹாப்னிதா’ என்று எழுதியிருப்பதை ‘ஹாம்னிதா’ என்று படிக்க வேண்டும்; மெல்லினத்துக்கு முன் வந்த வல்லினம் தானும் மெல்லினமாகிவிடுகிறது. ஜகத்தும் நாதனும் சேர்ந்து ஜகந்நாதன் ஆவதும் இதே விதி. ‘சின்ரா’ என்று எழுதப்படும் பழைய அரசு ‘சில்லா’ என்று ஒலிக்கும். ‘பல’வும் ‘நாளு’ம் சேர்ந்து பன்னாள் ஆவதற்கு இது திசை மாறிய தம்பி. பள்ளிக்கூடத்தில் புணர்ச்சி விதிக்குப் பயந்தவர்கள் இங்கே பழிதீர்த்துக்கொள்ளலாம்.

இலக்கணத்தில் மூன்று மொழியும் ஒரே திண்ணையில் உட்காரும். வினை கடைசியில், உருபுகள் பெயருக்குப் பின்னால், ‘என்று’ போட்டுப் பேச்சை எடுத்துச் சொல்வது, எல்லாம் பொது. துணைவினைகளைப் பார்த்தால் இன்னும் வியப்பு. ‘சாப்பிட்டுப் பார்’ – ஜப்பானியத்திலும் கொரியத்திலும் சுவைத்துப் பார்ப்பதைக் கண்ணால் பார்க்கும் வினையைச் சேர்த்தே சொல்கிறார்கள். ‘எழுதி வை’, ‘மறந்துவிட்டேன்’, ‘செய்து கொடு’ எல்லாவற்றுக்கும் அங்கே சோடி உண்டு. இந்த ஒற்றுமையைக் கண்டு சொந்தம் கொண்டாடியவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க மிஷனரி ஹோமர் ஹல்பர்ட் 1905இல் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கணமே எழுதினார். ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ தமிழையும் ஜப்பானியத்தையும் இணைத்துப் பல ஆண்டுகள் உழைத்தார். யாழ்ப்பாணத்துப் பேராசிரியர்கள் சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவரோடு சேர்ந்து பணியாற்றினார்கள். மொழியியலாளர்கள் பெரும்பாலும் இவற்றை ஏற்கவில்லை. ‘நாள்’ கொரியத்தில் ‘நால்’, ‘வா’ கொரியத்திலும் ‘வா’ என்று பட்டியல் போடுவது சுகம்தான். ஒலிமாற்றம் ஒழுங்காக நடந்ததைக் காட்டாத பட்டியல் உறவை நிறுவாது. மேலே சொன்ன ‘கு–க்’, ‘ட்ஸு–ல்’ வாய்பாடுகள் போல ஒன்று தமிழுக்கும் கொரியத்துக்கும் இடையே கிடைத்தால் அன்றைக்குப் பேசலாம். உறவு இல்லாவிட்டாலும் ஒற்றுமை கற்பவருக்கு உதவும்.

உதவி இரு பக்கத்திலிருந்தும் வருகிறது. பெயரெச்சத்தில் தமிழ் கைகொடுக்கும்: கொரியத்தில் ‘மொகுன், மொங்னுன், மொகுல்’ என்று மூன்று காலத்துக்கும் தனி வடிவம் – சாப்பிட்ட, சாப்பிடுகிற, சாப்பிடும். ஜப்பானியத்தில் இரண்டுதான். இடவேற்றுமையில் ஜப்பானியம் கைகொடுக்கும்: ‘அறையில் இருக்கிறான்’, ‘அறையில் படிக்கிறான்’ இரண்டுக்கும் நமக்கு ஒரே ‘இல்’. ஜப்பானியத்தில் முன்னதற்கு ‘நி’, பின்னதற்கு ‘தே’. கொரியத்தில் ‘எ’, ‘எசொ’. அதே பிரிவு, அப்படியே மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். ஜப்பானியத்தில் வதைத்த ஒன்று கொரியத்தில் காணாமலே போகும். எனக்குக் கொடுத்தால் ‘குரெரு’, மற்றவருக்குக் கொடுத்தால் ‘அகெரு’ என்ற பிரிவு ஜப்பானியத்தில் கறார். தா, வா இரண்டும் தன்மைக்கும் முன்னிலைக்கும், செல், கொடு இரண்டும் படர்க்கைக்கும் என்று தொல்காப்பியமும் வகுத்தது. மலையாளத்தார் இன்னும் அதைக் காக்கிறார்கள். கொரியருக்கு எல்லாமே ‘ஜுதா’.

மரியாதைக்கு வருவோம். ஜப்பானிய அலுவலகத்தில் வேலை பார்த்தவருக்கு ஆழமாகப் பதிந்திருக்கும் பாடம்: வெளியாரிடம் பேசும்போது தம் முதலாளியையே தாழ்த்த வேண்டும். வெளியிலிருந்து போன் வந்தால் ‘தனாகா இப்போது இல்லை’ என்று, ‘ஸான்’ என்ற அடைகூட இல்லாமல், பணிவான வினையில் சொல்வார்கள். தம் தந்தையைப் பற்றியும் அப்படியே. இதைக் கொரிய அலுவலகத்துக்குக் கொண்டுபோனால் முகம் சுளிப்பார்கள். கொரியத்தில் பெரியவர் யாரிடம் பேசினாலும் பெரியவர்தான்: ‘முதலாளி அவர்கள் இப்போது இல்லீங்க’ என்றே வெளியாரிடமும் சொல்ல வேண்டும். தமிழர் இதைக் கற்க வேண்டியதே இல்லை. “எங்கப்பா வெளியே போயிருக்காங்க” என்று நாம் ஊரார் யாரிடமும் சொல்வோம். ‘போயிருக்கான்’ என்று சொல்ல நாக்கு வராது. தாத்தாவின் முன்னால் அப்பாவைத் தாழ்த்திப் பேசும் ஒரு பழைய கொரிய மரபு உண்டு. இப்போது அது தளர்ந்துவிட்டது.

உறவுமுறையிலும் தமிழர் வீட்டுக்கு வந்தது போல உணர்வார். ஜப்பானியத்தில் அத்தையும் சித்தியும் ஒரே ‘ஒபா’. கொரியத்தில் அப்பாவின் சகோதரி ‘கொமோ’, அம்மாவின் சகோதரி ‘இமோ’. அப்பாவின் அண்ணன் ‘க்குன் அபொஜி’, சொல்லுக்குச் சொல் பெரியப்பா. தம்பி ‘ஜாகுன் அபொஜி’, சின்னப்பா. முன்பின் தெரியாதவரை அண்ணன், அக்கா என்று அழைப்பதும் உண்டு. சாப்பாட்டுக் கடை அம்மாவை ‘இமோ’ என்று கூப்பிடுவார்கள். ஒரு நுணுக்கம் மட்டும் புதிது: அழைப்பவர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்துச் சொல் மாறும். அண்ணனை ஆண் ‘ஹ்யொங்’ என்பான், பெண் ‘ஒப்பா’ என்பாள். மாமன் மகளைக் கட்டும் வழக்கத்தை மட்டும் பேச்சில் எடுக்காமல் இருப்பது உத்தமம். எட்டாம் நிலை வரை இரத்த உறவில் திருமணத்தைத் தடுக்கிற சட்டம் அவர்களுடையது.

எண்ணில் ஜப்பானியப் பழக்கம் தடுக்கும் இடத்தையும் சொல்லிவிட வேண்டும், ஷிப்ட் நேரம் அதில் அடங்கியிருப்பதால். இரு மொழியிலும் சீன எண், நாட்டு எண் என்று இரண்டு வரிசை உண்டு. ஜப்பானியத்தில் நாட்டு எண் பத்தோடு ஏறக்குறைய ஓய்ந்துவிடும். கொரியத்தில் தொண்ணூற்றொன்பது வரை ஓடும். வயதுக்கு நாட்டு எண். மணிக்கு நாட்டு எண், ஆனால் நிமிடத்துக்குச் சீன எண்: மூன்று மணி முப்பது நிமிடம் என்பதில் முன் பாதி ‘செ’, பின் பாதி ‘சாம்சிப்’. ஜப்பானியத்தில் இரண்டும் சீன எண்ணே என்பதால், அங்கே பழகிய நாக்கு மணியையும் ‘சாம்’ என்றே சொல்லிவிடும்.

தேர்வும் ஜப்பானியத் தேர்வைப் போல இருக்கும் என்று எண்ணக் கூடாது. ஜப்பானிய மொழித் தேர்வில் எல்லாமே விடையைக் குறிப்பதுதான். என்-1 தேறியவரும் அதில் ஒரு வாக்கியம்கூடச் சொந்தமாக எழுதியிருக்க மாட்டார். கொரியத் தேர்வான டோபிக்கில் ஆறு படி. முதல் இரண்டு படிக்குக் கேட்டலும் வாசித்தலும் போதும். மூன்றாம் படியிலிருந்து எழுத வேண்டும். கடைசிக் கேள்வி 600 முதல் 700 எழுத்தில் ஒரு கட்டுரை, கட்டம் போட்ட தாளில். பேச்சில் வரும் மரியாதை விகுதி எதுவும் அதில் கூடாது. ஜப்பானிய நாளிதழ்க் கட்டுரையின் ‘தே அரு’ நடைக்கு ஒப்பான வெற்று நடையில் எழுத வேண்டும். குண்டனி நாட்டுக்காரர் மூன்றாம் படியைக் குறிவைக்கிறார் என்றால், ஹங்குல் படித்த மறுமாதமே இந்த நடையில் தினமும் சில வரி எழுதிப் பழகத் தொடங்கலாம். சொல் கையில் இருக்கிறது, வாக்கியத்தின் வரிசை தமிழ் வரிசை; புதிதாகச் சேர்க்க வேண்டியது விகுதிகள்தான்.